ஏழாம் நம்பர் பட்டி

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஆள் கிடையாது. சுவரில் ஒரு கருவியை மாட்டிவைத்து அதன் முன்னால் போய் நில் என்கிறார்கள். மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னலைத் திறப்பதில்லை, கைப்பேசியைத் திறக்கிறார்கள். சரி, தொலையட்டும். ஒரு மனுஷன் தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று தெரிந்துகொள்ளவும் கம்ப்யூட்டர் வேண்டும் என்று எங்கள் டிப்போவில் சொன்னபோது எனக்கு எழுபத்திரண்டு வயது. வேலையை விட்டுப் போய்விடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் மருமகள் கைப்பேசியைப் பார்ப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டிப்போ ஈப்போவுக்கு வெளியே சிம்பாங் பூலாய் பக்கம். நான் அங்கே ஜாகா. விடியற்காலை நாலு மணிக்கு வந்து கேட்டைத் திறந்தால் சாயந்தரம் நாலு மணி வரைக்கும் காவல். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றுகிற பஸ்கள் பதினான்கு. கோப்பெங் பக்கத்திலும், பழைய ரப்பர் தோட்டங்களை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்புகளிலும் வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஈப்போவில் இறக்கிவிட்டு, சாயந்தரம் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். டிப்போவுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. அதை உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் துடைத்த நாற்காலியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு வெள்ளைத் தூசி. அந்தத் தூசிதான் பிறகு என்னையும் மடையனாக்கியது.

தூக்கத்தைக் கண்டுபிடிக்கிற பட்டிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தவன் சூப்பர்வைசர் மகேந்திரன். கறுப்பு ரப்பர் பட்டி. நெற்றியைச் சுற்றிக் கட்ட வேண்டும். உள்பக்கம் வெள்ளி நிறத்தில் மூன்று பொத்தான்கள், சட்டைப் பொத்தான் அளவு. காதுமடலில் மாட்ட ஒரு கிளிப்பு. மூளைக்குள் மின்சாரம் ஓடுகிறதாம். அதை அந்தப் பொத்தான்கள் நெற்றித் தோல் வழியாகப் பிடித்து ஆபீசுக்கு அனுப்புமாம். ஆபீசுத் திரையில் ஒவ்வொரு டிரைவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் தெரியும். பச்சை என்றால் முழித்திருக்கிறான். மஞ்சள் என்றால் அசதி. சிவப்பு என்றால் தூங்குகிறான், உடனே அவன் காதில் கூவும். மூன்று மாதம் பார்ப்பார்கள். அதிகம் சிவப்பு வாங்கியவனை ஸ்டியரிங்கை விட்டு இறக்கி பஸ் கழுவப் போட்டுவிடுவார்கள்.

அதில் எனக்கும் ஒரு வேலை வைத்தார்கள். விடியற்காலையில் பட்டிகளை எடுத்துக் கொடுப்பது, ஒன்பது மணிக்கு டிரைவர்கள் திரும்பியதும் வாங்கி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து சார்ஜில் போடுவது, சாயந்தர ஓட்டத்துக்கு மறுபடியும் கொடுப்பது. மூளையில் அவ்வளவு மின்சாரம் ஓடினால் தலையைத் தொடுகிறவனுக்கு ஏன் ஷாக் அடிக்கவில்லை என்று மகேந்திரனைக் கேட்டேன். "நீங்க தொடச்சு வெச்சா போதும்லா, சீனி அண்ணே" என்றான்.

பட்டி ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டிருந்தது. தர்மாவுக்கு ஏழு.

தர்மா என் தோட்டத்து ஆள். லயத்தில் அவன் அப்பா அர்ச்சுனனுக்கும் எனக்கும் அடுத்தடுத்த வீடு, ஆகவே நான் அவனுக்குப் பெரியப்பா. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் வந்தபோது நான் புந்தோங்குக்கு மாறினேன். அவன் அந்தத் தாமானிலேயே ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டான். தோட்டத்தில் மிஞ்சியது முனியாண்டி கோயில் ஒன்றுதான். அதுவும் தாமான் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோப்பெங் இறக்கத்தில் தர்மா பஸ்ஸைச் சாக்கடைக்குள் இறக்கிவிட்டான். உள்ளே பதினெட்டுப் பெண்கள். தினேஸ்வரி என்று ஒருத்திக்கு முன்பல் போனது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பிரேக் பிடிக்கவில்லை என்றான் தர்மா. பார்க்க வந்த மெக்கானிக் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. அவன் தூங்கிவிட்டான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், அவன் இல்லாதபோது.

அதற்குப் பிறகு பஸ் எடுப்பதற்கு முன்னால் முனியாண்டி கோயிலுக்குப் போகாமல் அவன் ஒரு நாளும் வந்ததில்லை. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் நெற்றி முழுக்க இழுத்துவிடுவான். காய்ந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். சாயந்தர ஓட்டத்துக்கு அது இருக்காது. மத்தியானம் குளித்துவிட்டு வெறும் நெற்றியோடு வருவான்.

பட்டி வந்த முதல் நாளே தர்மாவுக்குச் சிவப்பு. காலையில் கிளம்பினதிலிருந்து எட்டு மணி வரைக்கும் சிவப்பு. சாயந்தரம் பச்சை. இரண்டாம் நாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. மற்ற பதின்மூன்று பேருக்கும் எப்போதாவது மஞ்சள் வரும், அவ்வளவுதான். மகேந்திரன் கெட்டவன் இல்லை. ஆனால் திரையைப் பார்த்ததும் அவனுக்கு அந்தச் சாக்கடை ஞாபகம் வந்துவிட்டது. இதைத்தானே அன்றைக்கே சொன்னோம் என்கிற மாதிரி தலையை ஆட்டினான்.

தினேஸ்வரி ஆபீசுக்கே வந்து சாட்சி சொன்னாள். பல் போன நாளிலிருந்து அவள் டிரைவருக்கு நேர் பின்னால்தான் உட்காருவாள். "நான் கண்ணாடியில அவரு கண்ணையே பாத்துக்கிட்டுத்தான் வாரேன் சார். மிச்சப் பல்லு எனக்கு முக்கியம்லா. அவரு தூங்கல" என்றாள். கண் திறந்திருக்கும், உள்ளே மூளை தூங்கும், அது மனுஷருக்குத் தெரியாது, மெஷினுக்குத்தான் தெரியும் என்று மகேந்திரன் அவளுக்கு விளக்கினான். அவள் போய்விட்டாள்.

மற்றவர்கள் நம்பியதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. தர்மாவே நம்ப ஆரம்பித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் பட்டியைக் கொடுக்க வந்தவன் ஜாகா கொட்டகையில் உட்கார்ந்துவிட்டான்.

"பெரியப்பா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவாங்களா?"

"மீனு தூங்கும்."

"வெளையாடாதீங்க. சிவப்பு வாரப்பல்லாம் நான் நல்லாத்தான் இருக்கேன். ரோடு தெரியுது. ஆனா காதுல கூவுது. அப்ப எனக்கே தெரியாம தூங்குறேனா?"

"நீ தூங்கினா பஸ்ஸு எப்படிடா ஈப்போ போய்ச் சேருது?"

"பழக்கத்துல போகும்னு மகேந்திரன் சொல்றாரு."

ராத்திரி எட்டு மணிக்கே படுத்துப் பார்த்தான். கருப்புக் கோப்பியை ஜாடியில் ஊற்றி எடுத்துவந்தான். சிவப்பு மாறவில்லை. அவன் பெண்டாட்டி புனிதா, இது யாரோ கண் வைத்த வேலை என்று முடிவு கட்டிவிட்டாள். பூசாரியிடம் சொல்லித் தனியாகத் திருநீறு வாங்கி வந்து, பன்னீரில் குழைத்து, முன்பு பூசியதைவிட இரண்டு மடங்கு கனமாகத் தன் கையாலேயே பூசி அனுப்பினாள். முன்பு எட்டு மணிக்கு வியர்வை வந்ததும் பச்சையாகிக்கொண்டிருந்தது. இப்போது ஒன்பது மணிக்குப் பட்டியைக் கழற்றுகிற வரைக்கும் சிவப்பு. வியாதி முற்றுகிறது என்றான் மகேந்திரன். புனிதா இன்னும் கொஞ்சம் கனமாகப் பூசினாள்.

இரண்டாம் மாதக் கடைசியில் தாப்பாவில் தர்மாவின் சித்தப்பா செத்துப்போனார். பங்காளி சாவு. பதினாறு நாள் தீட்டு. இரண்டு நாள் விடுப்பு எடுத்துவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்தான். கோயிலுக்குப் போகக் கூடாது, திருநீறு கூடாது. சவரம் செய்யாத முகமும் வெறும் நெற்றியுமாகப் பட்டியைக் கட்டிக்கொண்டு போனான். காலையிலிருந்து பச்சை. மறுநாளும் பச்சை. ஞாயிறு போகப் பன்னிரண்டு நாள் பச்சை. துக்கத்தில் மூளை முழித்துக்கொண்டிருக்கிறது என்றான் மகேந்திரன். ஆபீசில் அதை ஒத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் நான் துடைத்த ஏழாம் நம்பர் பட்டி சுத்தமாக இருந்தது. அதை நான் கவனித்தேன். நல்ல மழை, அதனால் மலைத்தூசி குறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்தது. கோயிலுக்குப் போய், விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் பூசிக்கொண்ட மாதிரி வந்தான் தர்மா. சிவப்பு.

அந்த வாரமே கடிதம் அடித்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து பஸ் எடுக்க வேண்டாம், கழுவுகிற இடத்துக்குப் போகவும். சனிக்கிழமை காலை ஓட்டம் முடிந்து வந்து அந்தக் கடிதத்தை என் மேசைமேல் விரித்து வைத்தான். கழுவுற வேலை கேவலமில்லை, நானும் செய்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"அதுக்கில்ல பெரியப்பா. பஸ்ஸு கழுவலாம். ஆனா இதுல நான் தூங்குற ஆளுன்னு எழுதியிருக்கு. அப்ப அன்னிக்கு சாக்கடையில எறக்குனதும் தூங்கித்தான்னு ஆயிடுது. என் புள்ளைங்க ஒரு நாளைக்கு இதப் படிக்கும்."

பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். துடைக்க எடுத்தேன். உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒரு பொத்தான் முழுக்க மூடிப்போயிருந்தது. மூன்று மாதமாக இதைத் தூசி என்று துடைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பெட்டியில் இருந்த எட்டாம் நம்பரையும் ஆறாம் நம்பரையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவற்றில் தூசி வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே சுத்தம். மலைத்தூசி நெற்றிக்கும் பட்டிக்கும் நடுவில் எப்படிப் போகும்? ஏழாம் நம்பரை முகர்ந்தேன். பன்னீர் வாசனை.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இருபத்தைந்து வருஷம் தோட்டத்து லாரியில் கெலிண்டானாக டிரைவருக்குக் கூடமாட வேலை செய்திருக்கிறேன். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்துவிட்டால் லாரி கிளம்பாது. அப்போது பேட்டரி செத்துப்போச்சு என்று சொல்கிறவன் வேலை தெரியாதவன். முனையைச் சுரண்டிவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும்.

ஆபீசுக்குப் போய் மகேந்திரனிடம் சொன்னேன். சிரித்தான்.

"துன்னூறு பூசினா மூள தூங்கிடுமா அண்ணே? அப்ப நம்ம பூசாரி எப்பவும் கோமாவுலதான் இருக்கணும்."

"மூள தூங்கலடா. உன் பட்டிதான் தூங்குது. தீட்டு பன்னெண்டு நாளும் எப்படி பச்ச வந்துச்சு? பூசல, வந்துச்சு."

அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு நாள் நாளாகத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு யாருக்கோ போன் போட்டான்.

திங்கட்கிழமை, பட்டி செய்கிற கம்பெனியிலிருந்து கௌசிகா என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று பேச்சில் தெரிந்தது. என்னை அங்கிள் என்றாள். தர்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, திருநீற்றோடு பட்டியைக் கட்டினாள். திரையில் சிவப்பு. அவளோடு பேசிக்கொண்டே இருக்கிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான், சிவப்பு. பட்டியைக் கழற்றிவிட்டு, நெற்றியைத் துடைக்கச் சொன்னாள்.

தர்மா உடனே துடைக்கவில்லை. ஸ்பிரிட் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மகேந்திரனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் வேலை நேரத்தில் அதை அவன் கையால் அழித்ததில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் துடைத்தான். துணி வெள்ளையானது. பட்டியைக் கட்டினாள். மஞ்சள் ஒரு நொடி வந்து, பச்சையாகி, அப்படியே நின்றது.

கௌசிகாவின் முகம் மாறிப்போனது. அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது அதுதான், மழுப்பவில்லை. பினாங்கில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டித்தான் சோதித்தார்களாம், ஒருவரும் நெற்றியில் இப்படிப் பூசிக்கொண்டு வரவில்லையாம். பொத்தான் தோலில் படவில்லை என்றால் படவில்லை என்று மெஷின் சொல்லியிருக்க வேண்டும். அரைகுறையாகப் பட்டதால் கிடைத்த குப்பையை எல்லாம் அது தூக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. பிழை எங்களுடையதுதான், திருத்திவிடுவோம் என்று மகேந்திரனிடம் சொல்லி, கையோடு எழுதியும் கொடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆபீசு அலமாரிமேல் ஒரு நீற்றுப் பூசணிக்காய் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை புது பஸ்ஸுக்குத் திருஷ்டி கழிக்க வாங்கி வைத்தது. அதை இறக்கி, மேலே இருந்த வெள்ளையை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தேன். பட்டியைச் சுற்றிக் கட்டினேன். காதுக் கிளிப்பைக் காம்பில் மாட்டினேன். எல்லாரும் திரையைப் பார்த்தோம். முதலில் சிவப்பு. பிறகு மஞ்சள். அப்புறம் பச்சை. விட்டு விட்டுப் பச்சை.

மகேந்திரன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "இதுக்கு லைசென்சு எடுத்துக் கொடுத்துடலாம்லா" என்றான். கௌசிகா சிரிக்கவில்லை. பூசணிக்காயில் தண்ணீரும் உப்பும் இருக்கிறது, மேலே ஓடுகிற காற்றாடியிலிருந்தும் விளக்கிலிருந்தும் வருகிற மின்சார அதிர்வை அது வாங்கிக் கொடுக்கிறது, மாட்டியிருப்பது மனுஷன் என்று நினைத்துக்கொண்டு மெஷின் கணக்குப் போடுகிறது என்றாள்.

"யாரும் பூசணிக்காய்க்குக் கட்டமாட்டினம், அங்கிள்."

"சரி. மனுஷனுக்குக் கட்டினா, அது மனுஷன்தான்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

பூசணிக்காயிலிருந்து பட்டியைக் கழற்றினாள். "தெரியாது" என்றாள். "நாங்கள்தான் சொல்லவேணும்."

போகும்போது ஜாகா கொட்டகைக்கு வந்தாள். தன் அப்பா தம்பிமுத்து பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர் என்றும், வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது என்றும் சொன்னாள். அவருக்கு இதே மாதிரி ஒன்றைத் தலையில் கட்டி, கையில் ஒரு உறையை மாட்டுவார்களாம். கையைத் திறக்க வேண்டும் என்று அவர் நினைத்தால் போதும், உறை அவர் விரல்களைப் பிரித்துவிடுமாம். ஆறு மாதம் கழித்து இப்போது உறை இல்லாமலே கரண்டியைப் பிடிக்கிறாராம். "நான் கண்ணால பார்த்தனான். அது பொய் இல்ல, அங்கிள்" என்றாள். நல்லது, நன்றாக இருக்கட்டும் என்றேன். அதற்காக நான் பூசணிக்காயை மறந்துவிட முடியுமா?

மறுநாள் தர்மா பஸ் எடுக்க வந்தான். திருநீறு கையில், மார்பில், கழுத்தில். நெற்றியில் மட்டும் ஒன்றுமில்லை. புனிதா ஒத்துக்கொள்ள ஒரு ராத்திரி ஆனதாம். காலை ஓட்டம் முழுக்கப் பச்சை. ஒன்பது மணிக்கு மகேந்திரன் எல்லா டிரைவர்களுக்கும் முன்னால் அந்தக் கடிதத்தைக் கிழித்தான். கிழித்ததோடு நிற்கவில்லை.

"தர்மா தூங்குற ஆளே இல்ல. ஒரு சிவப்புகூட கெடையாது. அப்ப அன்னிக்கு பிரேக்குதான்லா காரணம்."

ஆமாம், பிரேக்குதான் என்றார்கள் எல்லாரும். பட்டி வந்தபோது தூக்கம்தான் என்று சொன்னவர்களும் இவர்கள்தான். அன்றைக்கும் திரையைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

சாயந்தரம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தர்மா பட்டி வாங்க வந்தான். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா பெரியப்பா. மெஷினே சொல்லிடுச்சு, நான் தூங்கலன்னு."

"மூணு மாசமா நான் சொன்னேன். பல்லு போனவ சொன்னா. அப்பல்லாம் உனக்கு ஏறல."

"கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்லடா. சாக்கடையில எறங்குன அன்னிக்கு உன் தலையில பட்டி இல்லியே. இது எப்படி அதுக்குச் சாட்சி?"

"இருந்திருந்தா பச்சதான் காட்டியிருக்கும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இருந்தும் கேட்டேன். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "சரி, இத விடு. அன்னிக்கு நீ தூங்குனியா, இல்லியா?"

அவன் கை தானாக நெற்றிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லாததால் இறங்கியது. கேட்டுக்கு வெளியே இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியல பெரியப்பா. போன வாரம் வரைக்கும் தூங்கிட்டேன்னுதான் நெனச்சேன். இப்ப தூங்கலன்னு தோணுது."

பட்டியைக் கட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினான். கேட்டைத் திறந்துவிட்டேன். பஸ் நம்பரை நோட்டில் எழுதினேன்.

மாற்று ஜாகா வந்ததும் சாவியைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். மகேந்திரன் மேசைமேல் புதிதாக ஒரு பட்டி இருந்தது. பதினைந்தாம் நம்பர். கம்பெனி பிழையை ஈடுகட்ட ஒன்று சும்மா கொடுத்திருக்கிறதாம். ஜாகாக்களும் முழித்திருக்க வேண்டியவர்கள்தானே, நாளையிலிருந்து நீங்கள் கட்டிப் பாருங்கள் என்றான். உங்களுக்குத் திருநீறு பழக்கமும் இல்லை, பிரச்சினை வராது என்றான். என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

அலமாரிமேல் பூசணிக்காய் அங்கேயே இருந்தது. துடைத்த இடத்தில் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. பட்டியை எடுத்து, ஸ்பிரிட் துணியால் ஒரு தடவை துடைத்து, மற்ற நம்பர்கள் ஓட்டத்துக்குப் போயிருந்த காலிப் பெட்டியில் வைத்து மூடினேன். மகேந்திரன் ஏதோ சொன்னான். நான் என் மோட்டார் சைக்கிள் நிற்கிற பக்கம் நடந்தேன்.